சம்பந்தியம்மா எழுதாத புலம்பல்

நான் கல்வெட்டு எழுதுகிறவன். கல்லில் அல்ல, கடதாசியில். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, போகும்போது கையில் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்து அனுப்புவோம். முன் அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று ஒவ்வொருவர் வாயாலும் ஒவ்வொரு பாட்டு இருக்கும். அந்தப் பாட்டுகளை அவர்கள் எழுதுவதில்லை. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரத்தில், மல்வேர்ன் பக்கம் அச்சுக்கூடம் வைத்திருப்பவர் எனக்கு ரெலிபோன் எடுப்பார். "அண்ணை, ஒரு ஆம்பிளை, எண்பது வயது, மூண்டு பெட்டையள், ஒரு பெடியன், பெடியன் லண்டனிலை" என்பார். நான் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதிக் கொடுப்பேன்.

பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு. என் மனைவிதான் முதல் ஆள். "இஞ்சருங்கோ, இண்டைக்கு ஆருக்காக அழுறியள்?" என்று கேட்டபடிதான் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள். நித்திரையில் சுகமாகப் போன ஒரு மனிசனுக்கு, "எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டீரே" என்று லண்டன் மகனின் வாயால் எழுதும்போது எனக்கும் சிரிப்பு வரும். அந்த மகன் கிரியைக்கே வந்திருக்கமாட்டான். ஆனால் புத்தகம் போய்ச் சேர்ந்த பிறகு அவன் ரெலிபோனில் விக்கி விக்கி அழுததாக அச்சுக்கூடத்துக்காரர் சொல்லுவார். அப்போது எனக்குச் சிரிப்பு வராது. அழுவதற்கு ஆட்களுக்கு ஒரு வடிவம் தேவைப்படுகிறது, அது தங்களிடம் இல்லாவிட்டால் வெளியில் வாங்குகிறார்கள்.

சம்பந்தியம்மாவைப் பற்றி எழுதத்தான் இருந்தேன், என்னைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன்.

என் மகன் கட்டியது உக்ரேன் பெண்ணை. இரண்டு பேருக்கும் மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் ஒரே கந்தோரில் வேலை. கலியாணத்துக்குப் பிறகு, வீடு மலிவு என்று நகரத்துக்கு வெளியே அஜக்ஸுக்குப் போனார்கள். உக்ரேனில் யுத்தம் தொடங்கியதும் மருமகள் தன் தாயைக் கூப்பிட்டுவிட்டாள். தகப்பன் வர மறுத்துவிட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை அவரைத் தூக்கிக்கொண்டு குடும்பமே ஊரை விட்டு எழும்ப வேண்டி வந்ததாம். இரண்டாம் தரம் எழும்பமாட்டேன் என்று சொல்லி, கீவ் நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டில் தனியாக இருந்துவிட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் ஆட்களிலும் அப்படிச் சொல்லி இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

சம்பந்தியம்மாவுக்கு ஏறக்குறைய என் வயது. நேரே நிமிர்ந்து நடப்பார், நேரே பேசுவார். என்னை "ஸ்வாத்தே" என்று கூப்பிடுவார். சம்பந்தி என்பதற்கு அவர்களுடைய சொல் அது. அப்படி ஒரு சொல் அவர்களிடமும் இருக்கிறது என்று அறிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. இங்கிலிஷ்காரனுக்கு இந்த உறவைக் கூப்பிடவே தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் பேசியது உடைந்த இங்கிலிஷ்தான். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். எழுத்தில் நாங்கள் நேரில் இருந்ததைவிடக் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தால் நான் பொறுப்பில்லை.

சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளையைப் பார்க்க நானும் மனைவியும் அஜக்ஸுக்குப் போவோம். மனைவி பிள்ளையைத் தூக்கினால் கீழே வைக்கமாட்டாள். எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் குசினி மேசைதான் மிச்சம். அவர் உருளைக்கிழங்கு சீவுவார். ஒருநாள், உங்கள் நாட்டில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"பழைய புத்தகங்கள் வாசித்தேன். போலிஷ் புத்தகங்கள்," என்றார்.

"போலந்துக்காரர் எழுதினவையா?"

"இல்லை. எங்கள் ஆட்கள் எழுதியவை. போலிஷில்."

எனக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. உங்களுக்கு ஒரு மொழி இருக்க அடுத்தவன் மொழியில் ஏன் எழுதினார்கள் என்றேன். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். இந்தக் கேள்விக்கு அவர் ஆயுள் முழுக்கப் பதில் சொல்லிக் களைத்திருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

பல நூறு வருசங்களுக்கு முன் அவர்களுடைய நாட்டின் பெரும்பகுதி போலந்து அரசருக்குக் கீழே இருந்ததாம். பிரபுக்கள் போலிஷ் பேசத் தொடங்கினார்கள். அச்சடித்த நல்ல புத்தகங்களும் கவிதையும் வாதமும் அந்த மொழியில் வந்தன. போலந்துப் பாதிரிமார் உங்கள் கோயில் பிழை, உங்கள் வழிபாடு பிழை என்று எழுதினார்கள். கீவ் நகரத்துத் துறவிகள் அதற்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. "அந்தப் பதிலை ஆர் வாசிக்க வேண்டும்? எங்களைப் பிழை என்று சொன்னவர்கள். அதனால் அவர்களுடைய மொழியில் எழுதினார்கள். எழுதி எழுதி அந்த மொழியில் அவர்களைவிட நன்றாக எழுதினார்கள்," என்றார். கடைசி வசனத்தைச் சொல்லும்போது ஒரு சின்னப் பெருமை. தான் பெற்ற பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

புத்தகத்தோடு சொற்களும் வந்தனவாம். கடதாசி, சீனி, கூரை என்று கையில் அகப்பட்டதையெல்லாம் தொட்டுத் தொட்டுக் காட்டி, இதுவும் போலிஷ் வழியாக வந்தது, அதுவும் அப்படித்தான் என்றார். நன்றி சொல்கிற சொல்கூட அப்படி வந்ததாம். நான் சும்மா இருப்பேனா? நான் இருந்த கதிரையைத் தட்டினேன். இது போர்த்துக்கேயன் தந்த சொல், அந்த யன்னலும் அவன்தான், உங்கள் மகள் வேலை செய்கிற கந்தோர் ஒல்லாந்தன் தந்தது, காலையில் நான் தின்ற பாணும் போர்த்துக்கேயனுடையது என்றேன். சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "அவர்கள் உங்களுக்குக் கவிதை தரவில்லையா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இருக்கத் தந்தார்கள், தின்னத் தந்தார்கள், அழுவதற்கு ஒன்றும் தரவில்லை. அழுகை எங்களிடம் ஏற்கனவே நிறைய இருந்தது என்று சொன்னேன்.

அவருடைய கணவரைப் பற்றி அறிந்தது இப்படியான சனிக்கிழமைகளில்தான். அந்த மனிசன் பள்ளிக்கூடத்தில் உக்ரேனிய மொழி படிப்பித்தவர். விடுமுறைகளில் ஊர் ஊராகப் போய்க் கிராமத்துப் பெண்கள் செத்த வீட்டில் பாடுகிறதைக் கேட்டு எழுதியவர். அவருடைய குடும்பத்தை ஊரை விட்டு எழுப்பியது போலந்து இராணுவம். அந்த ஊர் இன்று போலந்துக்குள் இருக்கிறது. அவருடைய தாய், வானொலியில் போலிஷ் பாட்டு வந்தால் எழும்பிப் போய் நிறுத்துவாராம். அப்படியான வீட்டுக்கு மருமகளாகப் போனவர் வருசக்கணக்காகப் போலிஷ் புத்தகங்களோடு வாழ்ந்திருக்கிறார்.

"சண்டை வராதா?"

"ஒவ்வொரு நாளும். சாப்பிடும்போது," என்றார். "எசமானின் மொழியில் எழுதியவனுக்கு ஆயுளைக் கொடுத்துவிட்டாய் என்பார். அவர்களும் எங்கள் ஆட்கள்தான், அவர்களை எறிந்தால் எங்கள் பாதி வீட்டை எறிகிற மாதிரி என்பேன் நான். காதல் என்பதற்கு நாங்கள் சொல்கிற சொல்லே அங்கிருந்து வந்ததுதானே என்று ஒருநாள் கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? சொல் வந்திருக்கலாம், உன்னை விரும்பினது நான், அதுக்கு நான் ஒருத்தரையும் கேட்கவில்லை என்றார்."

இதைச் சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைத் திரும்ப எடுத்தார். அந்தச் சண்டையை அவர் எவ்வளவு தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் சொன்னார். யுத்தத்துக்குத் தப்பி வரும்போது போலந்து எல்லையில் ஒரு இளம்பெண் சூடான சூப் கொடுத்தாளாம். சம்பந்தியம்மா போலிஷில் நன்றி சொன்னார். அவர் வாழ்நாளில் போலிஷ் வாசித்திருக்கிறாரே தவிரப் பேசியதில்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் திகைத்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். பல நூறு வருசத்துக்கு முந்திய பிரபு ஒருவர் சூப்புக்கு நன்றி சொன்னதுபோல் இருந்ததாம் அவளுக்கு. அந்தப் பெண்ணின் குடும்பம்தான் இரண்டு கிழமை தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தது. அதைக் கணவரிடம் ரெலிபோனில் சொன்னாராம். மனிசன், "நன்றி சொல்லு. நீ சொல்லு, நான் சொல்லமாட்டன்," என்றாராம்.

அவர்கள் தினமும் பேசினார்கள். எங்கள் பக்கம் காலை, அவர் பக்கம் பின்னேரம். மருமகள் குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டிருப்பாள், குசினியில் ரெலிபோன் சத்தமாக ஓடும். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அது சண்டை என்பது விளங்கும், சுகமான சண்டை. பழைய தம்பதிகள் பிடிக்கிற சண்டை எந்த மொழியிலும் ஒரே மாதிரித்தான் கேட்கும்.

மாரி தொடங்கிப் பனி கொட்டிய நேரம் சம்பந்தியம்மாவுக்கு இடுப்பில் ஒப்பரேஷன் நடந்தது. ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கத் தொடங்கியிருந்தார். அந்தக் கிழமைதான் கணவர் இறந்தார். கரண்ட் இல்லாததால் லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறிப் போனவர் வழியில் ஒரு படியில் இருந்துவிட்டார், பிறகு எழும்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் அடக்கம் செய்தார்கள். சம்பந்தியம்மாவை விமானம் ஏற டொக்டர் விடவில்லை. விட்டிருந்தாலும் போலந்தில் இறங்கி றெயின் பிடித்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

செய்தி கேட்டு நாங்கள் ஓடிப் போனோம். சம்பந்தியம்மா கதிரையில் நேரே நிமிர்ந்து இருந்தார். அழவில்லை. மனைவி பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு யாழ்ப்பாணத்தான் அந்த இடத்தில் என்ன செய்வானோ அதைச் செய்தேன். வீட்டுக்கு வந்து கல்வெட்டு எழுதத் தொடங்கினேன்.

இதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டில் சாவு, எழுதத் தெரிந்தவன் நான் இருக்கிறேன், வேறு ஆர் எழுதுவது? மருமகளிடம் தகப்பனின் பிறந்த ஊரையும் சகோதரங்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவர் இறந்த நாளின் திதி பார்த்து, அதைச் சொல்லும் வெண்பா எழுதினேன். மனைவி புலம்பல் என்று தலைப்புப் போட்டு, சம்பந்தியம்மா வாயால் எட்டுப் பாட்டு எழுதினேன். படியில் இருந்த மனிசனைப் பற்றிய பாட்டை மட்டும் மூன்று தரம் அடித்து எழுதினேன். மறு சனிக்கிழமை அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

மகன் தமிழ் எழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தான். "அப்பா, உது இப்ப தேவையோ? சீரியஸ்லி?" என்றான். பிறகு மருமகளுக்கு இங்கிலிஷில் விளக்கினான். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. என்னோடு மாமா, மாமா என்று எப்போதும் மரியாதையாகப் பேசுகிற பிள்ளை. "மாமா, அம்மா இன்னும் அழவே இல்லை. அவவுக்காக நீங்கள் அழுது முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டாள்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் கடதாசிகளை மடிக்கத் தொடங்கினேன். வெட்கமாக இருந்தது. சம்பந்தியம்மாதான் ஊன்றுகோலை நீட்டி என்னை நிறுத்தினார். என்ன அது, எனக்குச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். முப்பத்தோராம் நாள், புத்தகம், ஒவ்வொருவர் வாயாலும் ஒவ்வொரு பாட்டு.

"வாசியுங்கள்," என்றார்.

"தமிழில்தான் இருக்கிறது."

"வாசியுங்கள்."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூன்றாம் பாட்டில் அவர் வாய் அசைவதைக் கண்டேன், ஓசையை எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இது எங்களிடமும் இருந்தது," என்றார்.

இதை அவர் சொன்ன விதத்தை மறக்கமாட்டேன். ஊரில் தொலைந்த ஆளை வேறு நாட்டுத் தெருவில் கண்டவர் குரல் அது. அந்தக் காலத்துக் கீவில் ஒரு பெரிய மனிதர் இறந்தால், துறவிகள் நடத்திய பள்ளிக்கூடத்து மாணவர்கள் வரிசையாக நின்று பாட்டுச் சொல்லுவார்களாம். ஒருவன் மனைவிக்காக அழுவான், ஒருவன் படைவீரருக்காக அழுவான், ஒருவன் நகரத்துக்காக அழுவான். பிறகு அதை அச்சடித்துக் கொடுப்பார்களாம், முன் பக்கத்தில் செத்தவரின் குலச்சின்னம் போட்டு. "போலந்திலிருந்து வந்த வழக்கம். போலந்துக்கு லத்தீனிலிருந்து வந்தது. முதலில் போலிஷில் எழுதினார்கள், பிறகு அந்த அச்சில் எங்கள் மொழியிலும் எழுதினார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். இதையேதான்," என்றார். "நாங்கள் இதை விட்டு முந்நூறு வருசம். நீங்கள் இன்னும் சாப்பாட்டோடு கொடுக்கிறீர்கள்."

அப்போதுதான் அவர் அழுதார். மருமகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அவர்களுக்கு நாற்பதாம் நாள் முக்கியம். கோயிலில் பூசை, பிறகு மண்டபத்தில் சாப்பாடு. அன்றைக்குத் தான் ஒரு புலம்பல் வாசிக்கப் போவதாகச் சம்பந்தியம்மா சொன்னார். நீங்கள் எழுதியது நல்லது, ஆனால் என் வாயால் நான்தான் அழ வேண்டும் என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை, எழுதிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை என்றார். முகம் வாடியிருந்தது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொன்னாள். பிள்ளையும் என் மனைவியும் மேலே போன நேரம் பார்த்து அவர் என்னிடம் விசயத்தைச் சொன்னார்.

"ஸ்வாத்தே, எனக்கு அது போலிஷில்தான் வருகிறது."

எழுத உட்கார்ந்தால் முதல் அடி போலிஷில் வருகிறது, அதைத் துரத்தினால் இரண்டாம் அடியும் போலிஷில் வருகிறது என்றார். சமையலும் பாடமும் சண்டையும் என் மொழியில் தெரியும், புலம்பல் மட்டும் ஆயுள் முழுக்க அந்த மொழியில் வாசித்துவிட்டேன், காதுக்குள் அதுதான் இருக்கிறது என்றார். அந்த மனிசனைக் கைக்குழந்தையாகக் கட்டிலிலிருந்து எழுப்பிய மொழி அது. அதில் அவருக்கு எப்படி விடை கொடுப்பது?

"நீங்கள் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறீர்கள். செத்தவருக்குப் பிடிக்காத மாதிரி எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். செத்தவரை நாங்கள் ஒருநாளும் கேட்பதில்லை. கோயில் வாசல் மிதிக்காதவனைப் பக்திமான் என்று எழுதியிருக்கிறேன். கல்வெட்டு இருக்கிறவர்களுக்குத்தான், போனவர் வாசிக்கப் போவதில்லை. உங்களுக்கு எது வருகிறதோ அதை எழுதுங்கள் என்றேன்.

தலையை ஆட்டினார், இல்லை என்று. "கலியாணம் செய்த நாளிலிருந்து பிடித்த சண்டை. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. இப்போது நான் எழுந்து நின்று போலிஷில் வாசித்தால், கடைசி வார்த்தை என்னுடையதாகிவிடும். மறுமொழி சொல்ல அவர் இல்லை. அது வெற்றி இல்லை, ஸ்வாத்தே."

அவருக்காக வாதாட எனக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. அந்தத் துறவிகளைப் பற்றி அவரே சொன்னதைத் திரும்ப அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது நியாயம் அல்ல. எதிரில் இருந்து மறுத்துப் பேச அந்த மனிசன் வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த குறை. அதை நான் எங்கே போய்க் கொண்டுவருவது?

நாற்பதாம் நாள் நகரத்தின் மேற்குப் பக்கம் ஒரு உக்ரேனியக் கோயில் மண்டபத்தில் நடந்தது. தேன் விட்ட அவித்த கோதுமையை முதலில் ஒவ்வொரு கரண்டி தந்தார்கள். மனைவி எனக்குப் பக்கத்தில் பவ்வியமாக இருந்து சாப்பிட்டாள். வந்தவர்களில் பாதிப்பேர் புதிதாக வந்த உக்ரேனியர், பாதிப்பேர் இங்கேயே இருந்து வயது போனவர்கள். சாப்பாட்டுக்கு முன் சம்பந்தியம்மா மேசையைப் பிடித்தபடி எழுந்து நின்று வாசித்தார். உக்ரேனிய மொழியில். கணவர் ஊர் ஊராகக் கேட்டுச் சேர்த்த பெண்களின் ஒப்பாரி இருக்கிறதல்லவா, அந்த மாதிரியில் எழுதியிருந்தார் என்று மகன் காதுக்குள் சொன்னான்.

நிறையப் பேர் அழுதார்கள். மருமகள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் இருபது வருசமாகப் புலம்பல் எழுதுகிறவன் நான். மற்றவன் வாயால் எழுதியது எப்படிக் கேட்கும் என்று என்னைவிட நன்றாக ஆருக்குத் தெரியும்? அவர் ஒரு இடத்திலும் மூச்சு வாங்கவில்லை, ஒரு இடத்திலும் தடக்கவில்லை. ஒழுங்காக வாசித்துவிட்டு இருந்தார். அந்த ஒழுங்குதான் எனக்குப் பிழையாகப் பட்டது.

திரும்பும்போது மகனின் காரில் மருமகள், குழந்தை, குழந்தையை விடாத என் மனைவி. மிஞ்சிய சாப்பாட்டுத் தட்டுகளும் அதில்தான். காலை நீட்டி இருக்க வேண்டும் என்பதற்காகச் சம்பந்தியம்மா என் காரில் ஏறினார். பின்னேர நேரத்து 401 பெருந்தெரு வழமைபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. மகன் எங்களை முந்திப் போய்விட்டான். மல்வேர்னுக்குத் திரும்புகிற இடம் வந்ததும் சம்பந்தியம்மா பேச்சைத் தொடங்கினார்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

"எல்லாரும் அழுதார்கள்."

"நான் எழுதுகிறவரைக் கேட்டேன்."

பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "நீங்கள் அதில் இருக்கவில்லை," என்றேன்.

"ஓம்," என்றார். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவர் என் மனைவியிடமிருந்து பழகியிருந்தார். "அவர் இருந்தார். அது போதும்." காலை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டார். "போலிஷில் வந்தது முழுவதும் மனதில் இருக்கிறது. எழுதவில்லை. எழுதினால் ஆரும் எடுத்து வாசிப்பார்கள். மகளுக்குப் போலிஷ் விளங்கும், எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பாதியாவது விளங்கும். விளங்குகிற ஒருவருக்கு முன்னாலும் என்னால் சொல்ல முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது, என்ன?"

விளங்காது என்றேன்.

"அப்படியென்றால் சொல்லட்டுமா?"

தலையாட்டினேன். றோட்டைப் பார்த்தபடியே கேட்டேன். மண்டபத்தில் வாசித்த குரல் இது இல்லை. தொடக்கத்தில் கோபமாக இருந்தது, சாப்பாட்டு மேசையில் ஒரு ஆளோடு பொருதுகிற குரல். பிறகு இறங்கியது. ஓரிடத்தில் நின்று, அதே அடியைத் திரும்பச் சொல்லி, அடுத்த அடிக்குப் போக முடியாமல் திரும்பவும் சொன்னார். ஒரு சொல் மட்டும் எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தது, அது அந்த மனிசனின் பெயர். அந்தப் பெயர் வந்த ஒவ்வொரு தரமும் முன்னால் போகிற காரின் சிவப்பு வெளிச்சம் கலங்கலாகத் தெரிந்தது. என் வாழ்நாளில் இத்தனை புலம்பல் எழுதிய எனக்கு, புலம்பல் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அஜக்ஸ் வீட்டு வாசலில் காரை நிறுத்தியும் அவர் நிறுத்தவில்லை. நான் என்ஜினை ஓட விட்டுக் காத்திருந்தேன். வீட்டுக் கதவு திறந்து மருமகள் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்தாள், தாயைப் பிடித்து இறக்குவதற்கு. அவள் கார்க் கதவில் கை வைத்த அந்த நிமிசம் சம்பந்தியம்மா ஒரு அடியின் நடுவில் வாயை மூடிக்கொண்டார்.

மருமகள் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ கேட்டாள். அதற்குத் தாய், எனக்கும் விளங்க வேண்டும் என்றோ என்னவோ, இங்கிலிஷில் பதில் சொன்னார்.

"ஒன்றுமில்லை. ஸ்வாத்துக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தேன்."

அந்த வீட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் கார் ஓட்டி வருகிறவன் நான். அது மருமகளுக்கும் தெரியும். நான் ஓம் என்று தலையாட்டினேன். சம்பந்தியம்மா மகளின் தோளைப் பிடித்து இறங்கி, பனியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனார். மிச்சத்தை அவர் பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.